கேளுங்க சொல்றேன்: 490ல பறக்குற காருல நமக்கு என்ன இருக்கு?

போன இதழ்ல ஹைப்பர்கார், அதாவது கோடிக்கணக்குல விலை போற அதிவேக காருங்களோட டாப் ஸ்பீட் ரெக்கார்டு பத்தி ஒரு சின்ன துணுக்குதான் போட்டேன். புகாட்டி கம்பெனியோட சிரோன் கார் 2019ல மணிக்கு 490 கிலோமீட்டர் தொட்டுச்சு, சீனாவோட யாங்வாங் 2025ல 496 தொட்டுச்சு, அவ்வளவுதான் எழுதினது. அதுக்கு கோலாலம்பூர்லேருந்தும் பினாங்குலேருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு, அதனால கியர் ஆயில், பேட்டரி கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சிட்டேன்.

கேள்வி (செந்தூல், டாக்சி ஓட்டுநர்): அண்ணே, நம்ம ஹைவேல 110க்கு மேல போனா கேமரா புடிச்சி சமன் வீட்டுக்கே வந்துடுது. 490 போற கார வெச்சிக்கிட்டு யாரு எங்க ஓட்டப் போறாங்க? இதெல்லாம் பணக்காரன் விளையாட்டுதானே, இதைப் போயி ஏன் பெருசா எழுதுறீங்க?

பதில்: அண்ணே, ஓட்ட முடியாதுங்கறது முழு உண்மை. காசு குடுத்து வாங்கினவங்களாலயும் முடியாது. 490 தொட்ட அந்த சிரோன் மாதிரியே புகாட்டி 30 கார் மட்டும் செஞ்சி ஒவ்வொண்ணும் 35 லட்சம் யூரோன்னு வித்துச்சு, ஆனா வித்த காரை எல்லாம் 440லயே பூட்டித்தான் குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வந்த வேரோன்ல இன்னும் வேடிக்கையான ஏற்பாடு, டிரைவர் சீட்டுக்கு இடது பக்கம் கீழ ஒரு தனி சாவி துவாரம் இருக்கும், காரை நிறுத்திட்டு ரெண்டாவது சாவியைப் போட்டுத் திருப்பினாத்தான் கார் தரையோட தரையா இறங்கி, பின்னாடி இறக்கை மடங்கி, 400க்கு மேல போக அனுமதி குடுக்கும். சாவி போடலைன்னா 375தான். ஓடிக்கிட்டு இருக்கறப்ப பிரேக்க மிதிச்சா அந்த மோட்லேருந்து தானாவே வெளிய வந்துடும்.

அப்புறம் எதுக்கு இதெல்லாம்னா, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இது ஒரு பரீட்சை, சாக்கு சொல்ல முடியாத பரீட்சை. புகாட்டியை வாங்கின ஃபோல்க்ஸ்வாகன் கம்பெனிக்குத் தலைவரா இருந்த ஃபெர்டினாண்ட் பியெஷ், வேரோனுக்கு 1000 குதிரைசக்தி வேணும், 400க்கு மேல போகணும், அதே கார்ல சாயங்காலம் நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு நாடகம் பார்க்கவும் போகணும்னு சொல்லிட்டாரு, இஞ்சினியருங்க வருஷக்கணக்கா திண்டாடுனாங்க. 8 லிட்டர் 16 சிலிண்டர் இஞ்சின், நாலு டர்போ, அதோட சூட்டைத் தணிக்க மட்டும் காருக்குள்ள 10 ரேடியேட்டர். 2005ல 408 ஓடிக் காட்டினாங்க. நம்ம ஊரு சின்ன கார் மைவி வந்ததும் அதே வருஷம்தான். சூடு, காத்து, டயர், பிரேக், கியர்பாக்ஸ் இதுல ஏதாவது ஒண்ணு கொஞ்சம் சரியில்லன்னாலும் அந்த வேகத்துல கார் உடைஞ்சி போகும், ஆள் உயிரும் போகும்.

இன்னொண்ணு, இந்த ரேஸ் டெக்னாலஜி எல்லாம் நாளைக்கு உங்க காருக்கு வந்து சேரும்னு கம்பெனிக்காரங்க சொல்றதை ரொம்ப நம்ப வேணாம், அந்த 10 ரேடியேட்டர்ல ஒண்ணு கூட உங்க டாக்சிக்கு வரப் போறதில்ல. ஆனா ஒரு மனுஷக் கூட்டம் உக்காந்து முடியாதுன்னு சொன்னதை முடிச்சிக் காட்டுறதைப் பார்க்குறதுல ஒரு சந்தோஷம் இருக்கு பாருங்க, அது காசு குடுத்து வாங்குறவனுக்கு மட்டும் சொந்தம் இல்ல. பத்து வயசுப் பையனுக்கு டார்க்னா என்ன, டவுன்ஃபோர்ஸ்னா என்னன்னு தெரியாது, ஆனா 490னு சொன்னா கண்ணு விரியும். அந்தக் கண்ணு விரியறதுக்காகத்தான் நான் எழுதுறேன்.

கேள்வி (பட்டர்வொர்த், பொலிடெக்னிக் மாணவி): சார், 1001 குதிரைசக்தி வேரோன் 408 போச்சு. 1600 குதிரைசக்தி சிரோன் 490 போச்சு. பவர் 60 சதவீதம் கூடியிருக்கு, வேகம் 20 சதவீதம்தான் கூடியிருக்கு. மீதி பவர் எங்க போச்சு?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி, காத்துதான் தின்னுடுச்சு. வேகம் ரெண்டு மடங்கானா காத்து எதிர்த்துத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும், அந்த விசையை எதிர்த்து அதே வேகத்துல ஓட வேண்டிய பவர் எட்டு மடங்கு ஆகும். அதாவது பவர் வேகத்தோட மும்மடிக்கு ஏறுது. நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 1.6க்கு கனமூலம் 1.17 வரும், 408ஐ அதால பெருக்கினா 477. ஆனா ஓடினது 490. அந்த மிச்சம் 13 எங்கேருந்து வந்துச்சுன்னா, ரெக்கார்டு காரோட வாலை 25 சென்டிமீட்டர் நீட்டி, உசரத்தைக் குறைச்சி, பின்னாடி காத்து சுழல் ஆகாம நழுவிப் போற மாதிரி பண்ணியிருந்தாங்க. மொத்த வித்தையும் பின்பக்கத்துலதான் இருக்கு, முன்னாடி மூக்கு கூரா இருந்தாப் போதும்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க, இல்ல.

இதே கணக்கைப் பின்னாடி ஓட்டினா இன்னொரு ஆச்சரியம் கிடைக்கும். மெக்லாரன் எஃப்1, 1998ல ஆண்டி வாலஸ் ஓட்டி 386 தொட்ட கார், டர்போ கிடையாது, 627 குதிரைசக்திதான். மெக்லாரனோட உடம்பு வேரோனுக்கு இருந்திருந்தா 1001 குதிரைசக்திக்கு அது 450 போயிருக்கணும்! போகல, ஏன்னா வேரோன் அகலம், அதுல ரேடியேட்டருக்கு எல்லாம் காத்து உள்ள வாங்கணும், தரையோட அழுத்திப் புடிக்கவும் காத்தைப் பயன்படுத்தணும், அது எல்லாமே இழுவை. சின்ன உடம்பா, ஒல்லியா, சுத்தமா வரைஞ்ச அந்த மெக்லாரன் இன்னைக்கும் என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு அதிசயம், அதே ஆண்டி வாலஸ்தான் 21 வருஷம் கழிச்சி சிரோன்லயும் உக்காந்து 490 ஓட்டினாருங்கறது இன்னொரு அதிசயம்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், கடைக்காரர்): நெட்ல ஒருத்தன் புகாட்டிங்கறான், ஒருத்தன் கோனிக்செக்ங்கறான், இப்ப சீனாக்காரன்தான்னு சொல்றாங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க, உலகத்துலயே வேகமான கார் எது?

பதில்: ஒரே வார்த்தையில சொல்ல முடியாது, மன்னிக்கணும், ஏன்னா எப்படி அளந்தாங்கங்கறதைப் பொறுத்துத்தான் பதிலே இருக்கு. இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் ஆதங்கமும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

ஒரே ஒரு திசையில ஓடின வேகம்னு பார்த்தா, இப்போதைக்கு யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம், 2025 செப்டம்பர்ல ஜெர்மனி பாப்பன்பர்க் டிராக்குல மார்க் பாசெங் ஓட்டி 496.22. அதுக்கு அடுத்து சிரோன், 490.48. ஆனா பழைய வழக்கம் என்னன்னா, ஒரு திசையில ஓடி, கொஞ்ச நேரத்துக்குள்ள திரும்பி எதிர் திசையில ஓடி, ரெண்டையும் கூட்டி சராசரி எடுக்கணும். ஏன்னு கேட்டா 2017 நவம்பர்ல நடந்ததைப் பாருங்க. அமெரிக்கா நெவாடாவுல 160ம் நம்பர் ரோடு, பொது ரோடு, 11 மைலுக்கு மூடிட்டு சுவீடன் கம்பெனி கோனிக்செக்கோட அகேரா ஆர்எஸ் கார் ஓடுச்சு. ஒரு பக்கம் 457, மறுபக்கம் 436! அதே கார், அதே டிரைவர், அதே நாள், அதே ரோடு. 21 கிலோமீட்டர் வித்தியாசம் முழுக்க காத்தும் ரோட்டுச் சரிவும் பண்ண வேலை. அவங்க 457ஐ மட்டும் சொல்லி விளம்பரம் பண்ணிக்கல, சராசரி 447னு போட்டாங்க. இதுக்குப் பேருதான் ரெக்கார்டு.

புகாட்டி 2019ல ஓடின ஜெர்மனி எஹ்ரா லெசியன் சோதனை டிராக்குல எல்லாரும் எப்பவும் ஒரே திசையிலதான் ஓட்டுவாங்க, எதிர்ப்பக்கமா அந்த வேகத்துல போறது ஆபத்துன்னு அவங்க விளக்கம் சொன்னாங்க, அது நியாயமான விளக்கம்தான், அதுக்காக டிரைவர் உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல முடியாது. ஹென்னஸ்ஸி வெனம் ஜிடிங்கற அமெரிக்க கார் 2014ல கென்னடி விண்வெளி மையத்து ரன்வேல 435 ஓடினதும் ஒரு பக்கம் மட்டும்தான். வேகம் உண்மை, அதுல சந்தேகம் இல்ல, ஆனா ரெண்டு பக்கம் ஓடினவனோட அதை ஒரே வரிசையில உக்கார வைக்கக் கூடாது.

இதையெல்லாம் விட மோசமா ஒண்ணு நடந்துச்சு. 2020 அக்டோபர்ல எஸ்எஸ்சி டுவாட்டாராங்கற அமெரிக்க கார் அதே நெவாடா ரோட்டுல சராசரி 508 ஓடிட்டதா அறிவிச்சாங்க. உலகமே கை தட்டுச்சு. ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள யூடியூப்ல இருக்குற கார் பசங்க சில பேரு அந்த வீடியோவை ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி, ரோட்டோரத்துல இருக்குற அடையாளங்களுக்கு நடுவுல தூரம் எவ்வளவுன்னு மேப்ல அளந்து, கார் எத்தனை நொடியில கடந்துச்சுன்னு பார்த்து, கணக்கு இடிக்குதேன்னு காட்டினாங்க. அளவுக் கருவி குடுத்த கம்பெனியும் நாங்க அந்த டேட்டாவை சரிபார்க்கலைன்னு சொல்லிடுச்சு. கடைசியில 300 மைல், அதாவது 483 கிலோமீட்டர் வேகத்தை அன்னைக்கு எட்டலைன்னு எஸ்எஸ்சியே ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. 2021 ஜனவரியில மறுபடி முறையா ரெண்டு திசையும் ஓடி 455 எடுத்தாங்க, அதுவே அகேராவைத் தாண்டின பெரிய சாதனை, அதை முதல்லயே பண்ணியிருந்தா தலை நிமிர்ந்து நின்னிருக்கலாம், இப்ப அந்தக் காரோட பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் 2020தான் ஞாபகம் வருது. வருஷக்கணக்கா உழைச்ச இஞ்சினியருங்க பாவம்.

அதனால என் பதில், ரெண்டு திசை சராசரின்னா டுவாட்டாரா 455, ஒரு திசைன்னா யாங்வாங் 496. உங்க கடையில யாராவது சண்டை போட்டா, எந்தக் கணக்குன்னு முதல்ல கேளுங்க.

கேள்வி (பத்து கேவ்ஸ், ஆறாம் படிவ மாணவர்): இங்கிலாந்துக்காரங்க 1997லயே ஜெட் கார்ல 1200 போயிட்டாங்களே, அதுக்கு முன்னாடி இதெல்லாம் என்ன?

பதில்: திரஸ்ட் எஸ்எஸ்சி (டுவாட்டாரா செஞ்ச எஸ்எஸ்சி கம்பெனி வேற), ஆண்டி கிரீன் ஓட்டினது, 1227, சத்தத்தோட வேகத்தையே தாண்டினது. அது வேற பிரிவு தம்பி. ரெண்டு போர் விமான இஞ்சினைக் கட்டி பாலைவனத்துல விட்டது, சக்கரம் சும்மா உருளுது, இஞ்சின் சக்கரத்தைச் சுத்தல. இங்க பேசறது நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுல ஓட்டக் கூடிய, காசு குடுத்தா வாங்கக் கூடிய கார். ரெண்டையும் ஒப்பிட வேணாம்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், டயர் கடை வெச்சிருப்பவர்): அண்ணே, நான் இருபது வருஷமா டயர் மாத்துறேன். ரப்பரு எப்படி 490 தாங்குது? என்னால நம்பவே முடியல.

பதில்: உங்க கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், ஏன்னா இந்த ஆட்டத்தோட மையமே டயர்தான், இஞ்சின் பவர் கூட்டுறதுக்கு ஆயிரம் வழி இருக்கு, டயருக்கு வழி கம்மி.

490னா நொடிக்கு 136 மீட்டர், ஃபுட்பால் மைதானத்தோட நீளத்தை விட அதிகம். அந்த வேகத்துல சிரோனோட பின் டயர் ஒரு நொடிக்கு 60 தடவை சுத்துது. டயரோட வெளி விளிம்புல இருக்குற ஒவ்வொரு கிராம் ரப்பரும் வெளிய பிச்சிக்கிட்டுப் போகப் பார்க்குது, எவ்வளவு பலத்தோடன்னா ஒரு கிராம் அஞ்சு கிலோவுக்கு மேல எடை இருக்குற மாதிரி இழுக்குது. ஒரு கிராம்! சக்கரத்துல நீங்க ஒட்டுற அந்த பேலன்சிங் ஈயம் இருக்கு பாருங்க, அது விளிம்புல இருந்தா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அதோட, டயர் தரையைத் தொடுற இடம் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நிமிருது, நொடிக்கு 60 தடவை நசுங்கினா உள்ள சூடு ஏறிக்கிட்டே போகும். அதனாலதான் புகாட்டிக்கு மிஷலின் உள் கம்பி எல்லாம் பலப்படுத்தி டயர் செஞ்சி, ஓடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயரையும் எக்ஸ்ரே எடுத்து கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னு பார்த்துட்டுத்தான் மாட்டினாங்க. 2010ல வேரோன் சூப்பர் ஸ்போர்ட் 431 ஓடின பிறகு வித்த காரை 415ல பூட்டினாங்களே, அதுவும் டயரைக் காப்பாத்தத்தான். பூட்டாத காரை வெச்சி ரெக்கார்டு எடுத்துட்டு பூட்டின காரை விக்கறியான்னு பிரச்னை வந்து, கின்னஸ் 2013ல அதை நிறுத்தி வெச்சி, அப்புறம் திருப்பிக் குடுத்துச்சு, அது தனிக் கதை.

இப்ப உங்க கடைக்கு வர்ற காருக்கு வருவோம், நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது இதுதான். மைவி 110ல போறப்ப டயர் விளிம்புல ஒரு கிராம் கல்லு சிக்கினா அது 300 கிராமுக்கு மேல எடை மாதிரி இழுக்கும், அதே கணக்குதான், அளவுதான் சின்னது. காத்து கம்மியா இருக்குற டயர் வேகமா போறப்ப, தரையை விட்டு வெளிய வந்த பகுதி நிமிர்றதுக்குள்ள அடுத்த சுத்து வந்துடும், டயரோட பின்பக்கம் அலை அலையா நெளிய ஆரம்பிக்கும், அந்த நெளிவு வந்துடுச்சுன்னா சூடு எகிறும், அடுக்கு பிரியும், வெடிக்கும். ஹைப்பர்காருக்கு 400க்கு மேல வர்ற ஆபத்து, காத்து இறங்கின பழைய டயருக்கு பிளஸ் ஹைவேல, மத்தியான வெயில்ல, அஞ்சு பேரு ஏறி சாமான் கட்டிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போறப்பவே வந்துடும். டயர் பக்கவாட்டுல அளவுக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்கும், உங்களுக்குத் தெரியும், வாசகருங்களுக்காகச் சொல்றேன், எச்னா 210 வரைக்கும், வின்னா 240, டபிள்யூன்னா 270, ஒய்ன்னா 300. பக்கவாட்டுலயே வேற இடத்துல நாலு இலக்கம் தனியா அடிச்சிருக்கும், முதல் ரெண்டு இலக்கம் எந்த வாரம்னு சொல்லும், கடைசி ரெண்டு எந்த வருஷம்னு சொல்லும், 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. அந்த எழுத்து சொல்ற வேகம் எல்லாம் புது டயருக்கு, சரியான காத்துக்குத்தான். உங்க கடையில யாராவது செகண்ட்ஹேண்ட் டயர் கேட்டா அந்த நாலு இலக்கத்தைக் கையால தொட்டுக் காட்டுங்கண்ணே, அது பெரிய புண்ணியம்.

கேள்வி (காஜாங், ஐடி ஊழியர்): யாங்வாங் பிஒய்டியோட பிராண்டுதானே, எங்க கொண்டோ பார்க்கிங்லயே ஆறேழு பிஒய்டி நிக்குது. சத்தமே இல்லாம 496 போறதுல என்ன கிக் இருக்கு?

பதில்: சத்தம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா சத்தம் இல்லங்கறதுக்காக இதைக் குறைச்சி மதிப்பிட மாட்டேன். நாலு சக்கரத்துக்கு நாலு மோட்டார், ஒவ்வொண்ணும் 555 கிலோவாட், நிமிஷத்துக்கு 30,000 சுத்து வரைக்கும் போகும், 1200 வோல்ட் சிஸ்டம், மொத்தம் 3000 குதிரைசக்தி. கியர் மாத்துற இடைவெளி இல்ல, விட்டுக் குடுக்காம தள்ளிக்கிட்டே இருக்கும். பாப்பன்பர்க்ல நேர்ப் பாதை 4 கிலோமீட்டர் மாதிரிதான், எஹ்ரா லெசியன்ல இருக்குற 8.7ல பாதி கூட இல்ல, சாய்வான வளைவுலேருந்தே வேகம் எடுத்து வந்து அதுக்குள்ள 496 தொட்டுட்டு பிரேக்கும் புடிக்கணும். பெட்ரோல் காருக்கு அது கஷ்டம்.

ஆனா மேல பட்டர்வொர்த் தங்கச்சிக்குச் சொன்ன கணக்கை மறக்காதீங்க, சிரோனை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு பவர் இருந்தும் 6 கிலோமீட்டர்தான் கூடியிருக்கு. ரிமாக் நெவேராங்கற எலக்ட்ரிக் கார் 2022ல 412 ஓடினப்ப எலக்ட்ரிக் இதுக்கு மேல தாங்காதுன்னு பேசினவங்க உண்டு, மூணே வருஷத்துல 80 கூடிடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்க பார்க்கிங்ல நிக்கற கார் வேற, அது வேற. பேர்ல இருக்குற சொந்தத்தை நம்பி யாரும் ஆக்சிலேட்டரை மிதிச்சிப் பார்க்க வேணாம்.

கேள்வி (ரவாங், ஒரு தாய்): ஐயா, என் மகனுக்கு 19 வயசு. இந்த டாப் ஸ்பீட் வீடியோ பார்த்துப் பார்த்து ராத்திரியில கூட்டாளிங்களோட ஹைவேக்குப் போறான். 180 ஓட்டினேன்னு வீடியோ எடுத்து வெச்சிருக்கான். உங்களை மாதிரி ஆளுங்க எழுதறதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். கோவிச்சிக்காதீங்க.

பதில்: கோவமே இல்லம்மா, நீங்க கேட்டது நியாயம். வேகத்தைப் புகழ்ந்து எழுதுறவனுக்கு இந்தப் பொறுப்பும் உண்டு, அதனால இந்தப் பதிலை மகனே படிக்கிற மாதிரி எழுதறேன், அவன்கிட்ட காட்டுங்க.

தம்பி, 180ல நீ நொடிக்கு 50 மீட்டர் போற. முன்னாடி லோரி ஒண்ணு லைட் இல்லாம நிக்குதுன்னு உன் கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சி, கால் பிரேக்குக்குப் போக ஒண்ணரை நொடி ஆகும், அதுக்குள்ள 75 மீட்டர் போயிருப்ப, அதுவரைக்கும் வேகம் ஒரு துளி கூட குறைஞ்சிருக்காது. அப்புறம்தான் பிரேக்கே புடிக்க ஆரம்பிக்கும், 110ல நிறுத்தறதை விட 180ல நிறுத்த ரெண்டரை மடங்குக்கு மேல சக்தியை அந்த பிரேக் தின்னணும். நீ பார்க்குற அந்த வீடியோவுல ஆண்டி வாலஸ் இருக்காரே, அவரு லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்ச ஆளு, அவருக்கு முன்னாடி 8.7 கிலோமீட்டர் காலி ரோடு, அதுல ஒரு நாய் இல்ல, மோட்டோ இல்ல, டோல் இல்ல, நாள்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வேகம் கூட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டேட்டா பார்த்து, டயரைச் சோதிச்சி, ஆம்புலன்ஸ் நிறுத்தி வெச்சித்தான் போனாரு. உன்னோட ரோட்டுல யாரோ ஒரு அம்மா ஷிஃப்ட் முடிச்சி வீட்டுக்குப் போயிக்கிட்டு இருப்பாங்க.

சட்டமும் சொல்லிடறேன், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 42வது பிரிவு, ஆபத்தா ஓட்டினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், அதோட அபராதம், லைசென்சும் போயிடும். அந்த வீடியோவே சாட்சி.

அம்மா, அவனுக்கு உண்மையிலயே ஆசை இருந்தா திட்டி மட்டும் நிறுத்த முடியாது, செப்பாங்குக்கு அனுப்புங்க. டிராக் டே நடக்கும், காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரையே ஓட்டலாம். 5.5 கிலோமீட்டர் டிராக், 2017 வரைக்கும் ஃபார்முலா ஒன் ஓடின அதே இடம். நேரா மிதிக்கறதுல பெருசா ஒண்ணும் இல்ல, பிரேக் புடிக்கறதுலயும் வளைவுலயும்தான் ஓட்டத் தெரிஞ்சவன் யாருன்னு தெரியும்னு முதல் நாளே புரிஞ்சிக்குவான்.

கேள்வி (பினாங்கு, ஜார்ஜ்டவுன்): இந்த ஹைப்பர்கார் உலகத்துல மலேசியாவுக்கு ஏதாவது பங்கு இருக்கா, இல்ல நாம வெறும் பார்வையாளருங்கதானா?

பதில்: இருக்கு, ஆனா பல பேருக்குத் தெரியாது. 1990கள்ல ரொமானோ அர்தியோலின்னு ஒரு இத்தாலியர் புகாட்டிக்கும் முதலாளி, இங்கிலாந்து லோட்டஸுக்கும் முதலாளி. 1995ல அவரோட புகாட்டி திவாலாச்சு. 1996ல லோட்டஸை யாரு வாங்கினாங்கன்னு நினைக்கிறீங்க, நம்ம புரோட்டான்! புகாட்டி பேரை 1998ல ஃபோல்க்ஸ்வாகன் வாங்கி, அதுலேருந்து வேரோன் வந்துச்சு. ஒரே ஆளு கையிலேருந்து ஒரு கம்பெனி ஷா ஆலமுக்கு வந்துச்சு, இன்னொண்ணு ஜெர்மனிக்குப் போச்சு. 2017ல சீனாவோட ஜீலி கம்பெனி புரோட்டானோட லோட்டஸையும் சேர்த்து பங்கு வாங்குற வரைக்கும் இருபது வருஷத்துக்கு மேல லோட்டஸ் நம்ம கையில இருந்துச்சு. அந்த லோட்டஸ்தான் இப்ப எவியாங்கற 2000 குதிரைசக்தி எலக்ட்ரிக் ஹைப்பர்கார் செய்யுது. நம்மகிட்ட இருந்தப்பவே இப்படி ஒண்ணு வந்திருக்கக் கூடாதான்னு எனக்கு இன்னைக்கும் மனசு அடிச்சிக்கும்.

டாப் ஸ்பீட் ஓட நம்ம நாட்டுல இடம் இல்ல. செப்பாங் நேர்ப் பாதை ஒரு கிலோமீட்டர் கூட வராது. நீங்க பினாங்குக்காரர், அதனால ஒரு கணக்கு சொல்றேன், முதல் பாலம் கடலுக்கு மேல போறது 8.4 கிலோமீட்டர், எஹ்ரா லெசியன் நேர்ப் பாதை அதை விட 300 மீட்டர்தான் நீளம். நாம 80ல போனா கடலைக் கடக்க ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும், 490ல போனா ஒரு நிமிஷம். அவ்வளவு நீள ரோடு முழுசும் வளைவில்லாம, மேடு பள்ளம் இல்லாம இருந்தாத்தான் அந்த வேகத்தை எடுத்து, பிறகு பத்திரமா நிறுத்தவும் முடியும்.

கேள்வி (செராஸ், ஃபோர்மென்): 500ஐ முதல்ல யாரு தாண்டுவாங்க அண்ணே? பந்தயம் கட்டியிருக்கோம்.

பதில்: பந்தயம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே. கோனிக்செக் ஜெஸ்கோ அப்சலூட்னு ஒரு கார் இருக்கு, எத்தனால் கலந்த ஈ85 எரிபொருள் போட்டா 1600 குதிரைசக்தி, காத்து இழுவை எண் 0.278, வேகத்துக்காகவே செதுக்கினது. 0லேருந்து 400 போயி மறுபடி 0க்கு வர்ற ஓட்டத்துல நல்ல நேரம் எடுத்திருக்கு, ஆனா டாப் ஸ்பீட் ஓட்டம் மட்டும் நடத்தல. அதுக்கு ஏத்த ரோடும் டயரும் அமையறதுதான் கஷ்டம். புகாட்டி 490க்கு அப்புறம் நாங்க இந்தப் போட்டியிலேருந்து விலகிட்டோம்னு சொல்லிடுச்சு, அவங்களோட புது டூர்பியோன் 1800 குதிரைசக்தி இருந்தும் 445ல பூட்டுதான். யாங்வாங்குக்கு இன்னும் 4 கிலோமீட்டர்தான் பாக்கி, அதனால ஒரு திசைக் கணக்குல அவங்க முந்துவாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

நீங்க பந்தயத்தை ரெண்டு திசை சராசரின்னு மாத்திக்கிட்டா நான் ஜெஸ்கோ பக்கம். அகேராவை நெவாடாவுல ஓட்டினப்ப அது ஒரு வாடிக்கையாளரோட சொந்தக் கார், கம்பெனி தனியா செஞ்ச கார் இல்ல, ரெண்டு பக்க எண்ணையும் மறைக்காம வெளிய விட்டாங்க. அந்த மாதிரி ஓட்டத்தை இன்னொரு தடவை பண்ணக் கூடியவங்கன்னா அவங்கதான்.